சாம்பல் நிறத்தை எப்படிக் கலப்பது

சயான், மும்பை
ஆடி மாதம், ஞாயிறு மதியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அங்கே கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. "பெயிண்ட் பெட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டுட்டேன்மா. இந்த ஊர்ல வரைய என்ன இருக்கு? வானம் சாம்பல், கட்டடம் சாம்பல், ரோடு சாம்பல்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீஸிலிருந்து உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் சொல்லி முடிகிற சங்கதியும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போனாலும் பொறுமையாகப் படி.

இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க் கட்டடம், அதன்மேல் கட்டிய தார்ப்பாய், அதற்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கும் பின்னால் வானம். நீ சொன்ன அதே சாம்பல்தான் இங்கேயும். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பிரிய ஆரம்பிக்கிறது. வானத்துச் சாம்பலில் ஊதா ஓடுகிறது. ஈரச் சுவரின் சாம்பலில் செங்காவி இருக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தேங்கின தண்ணீரில் பாசிப் பச்சை. தார்ப்பாயின் நீலம் கீழே சிமெண்ட் தரையில் கசிந்து நிற்கிறது. இதையெல்லாம் நான் இட்டுக்கட்டவில்லை, கண்ணில் படுவதைத்தான் சொல்கிறேன்.

நான் ஸ்கூலில் பாடம் எடுத்த காலத்தில் பிள்ளைகளிடம் சாம்பல் கேட்டால், கறுப்பையும் வெள்ளையையும் கலந்து கொண்டுவந்து காட்டுவார்கள். சிமெண்ட் மாதிரி இருக்கும். அதில் வானம் வராது. நீ பரணிலிருந்து பெட்டியை இறக்கி, இரண்டே இரண்டு டியூப் எடு. அல்ட்ரமரின் நீலம் ஒன்று, பர்ன்ட் சியன்னா ஒன்று. வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டையும் தள்ளித் தள்ளி ஒரு பொட்டு வை. ஈரமான பிரஷ்ஷால் நீலத்தைக் கொஞ்சம் நடுவுக்கு இழு. சியன்னாவிலிருந்து அதைவிடக் கொஞ்சமாக இழுத்து அதில் சேர். மழை மேகம் வரும். இன்னும் கொஞ்சம் சியன்னா சேர்த்தால் ஈரச் சுவர். அதிகம் சேர்த்தால் பழைய மரக்கதவு. தண்ணீரைக் குறைத்து இரண்டையும் சமமாகக் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குக் கிட்ட போகும். டியூபில் வரும் கறுப்பைவிட அந்தக் கறுப்புக்கு ஆழம் அதிகம்.

பர்ன்ட் சியன்னா என்பது சுட்ட காவிமண்தான். நன்றாக உற்றுப் பார்த்தால் அது இருண்ட ஆரஞ்சு என்று தெரியும். ஆரஞ்சு நீலத்துக்கு எதிர் நிறம். எதிரும் புதிருமான இரண்டும் சேரும்போது ஒன்றின் பளபளப்பை இன்னொன்று அடக்கிவிடுகிறது. ஆனால் முழுசாக அடங்குவதில்லை. அல்ட்ரமரின் துகள் சொரசொரப்பான தாளின் சின்னச் சின்னக் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டில் ஒன்றாகக் கலந்த நிறம் தாளில் காயும்போது இலேசாகப் பிரியும், நீலம் ஒரு பக்கம், காவி ஒரு பக்கம். மழை வானத்தின் அந்த நடுக்கம் அங்கேதான் கிடைக்கிறது. நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், பிரஷ்ஷை எடுத்துவிட்டு சும்மா இருந்தால் போதும்.

அந்த நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்துப் படக்ஷான் மலையில் வெட்டியெடுக்கிற நீலக்கல்லை அரைத்துச் செய்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்கு இணையாக விலை போனது. 1820களில் பிரான்சில் கிமே என்ற வேதியியல்காரர் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்தது. அப்பாவின் வெள்ளை வேட்டிக்கு ஆச்சி போடுவாளே நீலப்பொடி, அதுவும் இதே சரக்குதான். வாளித் தண்ணீரில் அந்தப் பொடி கரைந்து சுழலுவதைப் பார்த்துக்கொண்டு சின்ன வயதில் நீ நின்ற நிற்பு எனக்கு நினைவிருக்கிறது.

நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நாங்கள் ஏழு பேர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அங்கே டிராயிங் வாத்தியார் மராட்டிக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. எலிமென்டரி கிரேடு பரீட்சைக்கு எங்களைத் தயார் பண்ணினார். மேஜைமேல் ஒரு தகர வாளி, ஒரு செங்கல், இரண்டு வெங்காயம். அவ்வளவுதான். அதற்குப் பேர் ஆப்ஜெக்ட் டிராயிங். எங்களுக்கு ஒரே ஏமாற்றம். மயில், தாமரை, தாஜ்மகால் என்று வரையச் சொல்வார் என்று நினைத்திருந்தோம். அவர் என் பக்கத்தில் வந்து கண்ணை இடுக்கிக்காட்டி, "அஸ பக" என்றார். இப்படிப் பார் என்று அர்த்தம். நானும் கண்ணை இடுக்கினேன். வாளியின் பொடிசு பொடிசான விவரமெல்லாம் மறைந்து இருட்டு ஒரு திட்டாகவும் வெளிச்சம் ஒரு திட்டாகவும் தெரிந்தது. வெங்காயத் தோலில் ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறத்தில் கோடு ஓடியது. அன்றைக்கு நான் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்வேன். அப்புறம் இன்டர்மீடியட் பரீட்சை, அப்புறம் ஆர்ட் டீச்சர் டிப்ளமா, வேலை எல்லாம் வரிசையாக வந்தது. ஆனால் வித்தை அந்த வெங்காயத்தில் கிடைத்ததுதான்.

வரைவதற்கென்று எங்கேயும் போக எனக்கு வசதி இருக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்ததையே வரைந்தேன். பம்ப் ஸ்டவ், தண்ணீர்க் குடம், கொடியில் தொங்கும் ஈரச்சேலை, தூங்குகிற தாத்தாவின் பாதம். ஞாயிற்றுக்கிழமை கும்பார்வாடாப் பக்கம் போவேன். சௌராஷ்டிராவிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக அங்கே பானை செய்கிறவர்கள். சக்கரத்திலிருந்து இறக்கின பானை கருத்து ஈரமாக இருக்கும். வெயிலில் வைத்தால் வாய்ப்பக்கம் முதலில் வெளுக்கும், அப்படியே வெளுப்பு மெதுவாகக் கீழே இறங்கும். பாதி காய்ந்த பானையில் ஈரமும் உலர்வும் சந்திக்கிற அந்த வளையத்தை வாட்டர்கலரில் கொண்டுவர எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் தாளை நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தின் ஓரத்தில் நிறத்தைத் தொட்டுவிட்டால் அது தானே பரவித் தானே நிற்கும் என்று கடைசியில் பிடிபட்டது.

உனக்கு அங்கே பானை இல்லை. ஆனால் நான் கொடுத்தனுப்பின எவர்சில்வர் டப்பா இருக்கிறதே, பருப்பு போட்டுவைத்திருக்கிறாயே. அதை ஒருநாள் மேஜைமேல் வை. பக்கத்தில் ஒரு தக்காளி. எவர்சில்வருக்கு வெள்ளிப் பெயிண்ட் தேடாதே, அதைப் போட்டால் கிரீடத்துக்கு ஒட்டின ஜிகினாத் தாள் மாதிரி ஆகிவிடும். டப்பாவுக்குச் சொந்தமாக நிறம் கிடையாது. ஜன்னல் அதில் நீண்டு வளைந்த ஒரு வெள்ளைப் பட்டையாக நிற்கும், அந்த இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிடு. அந்த வெள்ளைக்கு ஒட்டினாற்போலவே மிக இருண்ட ஒரு கோடு இருக்கும். வெள்ளையும் இருட்டும் அப்படி முட்டிக்கொண்டு நிற்பதில்தான் உலோகம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. துணி, மண் இவற்றில் அந்த இடம் மெல்ல மெல்ல மாறும், உலோகத்தில் பட்டென்று மாறும். அப்புறம் தக்காளிப் பக்கம் பார். டப்பாவின் வயிற்றில் ஒரு சிவப்பு இருக்கும், தக்காளியைவிட அரைப்பங்கு மங்கலாக. மூடியின் விளிம்பில் உன் சட்டையின் நிறம்கூட ஒரு நூல் அளவுக்கு ஓடும். நீ எந்தச் சட்டை போட்டிருந்தாய் என்பது படத்தில் இருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

இதெல்லாம் பெரிய ஓவியர்கள் வரைகிற விஷயமா என்று உனக்குத் தோன்றலாம். நம் ஊரிலேயே கே. எச். ஆரா இருந்தார். செகந்திராபாத் பக்கத்துப் பொலாரத்தில் 1914இல் பிறந்தவர். பம்பாய்க்கு வந்து வீட்டு வேலையும் கார் துடைக்கிற வேலையும் பார்த்துக்கொண்டே வரைந்தார். 1947இல் சூசா, ரஜா, ஹுசைன் இவர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கின ஆறு பேரில் அவரும் ஒருவர். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவற்றில் பூச்சாடியும் பழமும் பாத்திரமும் முக்கியமானவை. வாட்டர்கலரையே ஆயில் மாதிரி கெட்டியாக அப்பி வரைவார். காலா கோடாவில் கண்காட்சி பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் படம் எங்கேயாவது மாட்டியிருக்கிறதா என்று தேடுவேன். வீடு துடைக்கிற ஒருவருக்குப் பூச்சாடியின் கழுத்தில் வெளிச்சம் எங்கே விழும் என்று தெரியாமல் இருக்குமா?

மைசூர் போனது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஏழு வயது. ஜகன்மோகன் அரண்மனையில், விளக்கு ஏந்தின பெண் படத்துக்கு முன்னால் நின்று, "அந்த அக்கா கையில இருக்கிறது நிஜ விளக்காம்மா?" என்று கேட்டாய். அதை ரவி வர்மா படம் என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர், ஆயில் என்றும் நினைக்கிறார்கள். ரவி வர்மாவும் இல்லை, ஆயிலும் இல்லை. சாவந்த்வாடியில் பிறந்து மும்பையில் ஓவியப் பள்ளி நடத்தின எஸ். எல். ஹல்தங்கர் 1945-46இல் வரைந்த வாட்டர்கலர். நிற்பது அவருடைய மகள் கீதா. அந்தப் பெண் நூறு வயதைத் தாண்டி இருந்து, 2018இல்தான் காலமானார். சுடரை மறைத்த விரல்களின் ஓரத்தில் ஒரு சிவப்புத் தெரியுமே, அந்த இடத்துக்கு முன்னால் நான் வெகு நேரம் நின்றேன். வாட்டர்கலரில் வெளிச்சத்தை மேலே கொண்டுவந்து பூச முடியாது. முதலிலிருந்தே அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சுற்றி இருட்டை ஏற்றிக்கொண்டே வர வேண்டும். அவ்வளவு பெரிய இருட்டுக்கு நடுவில் கடைசிவரை அந்தக் கொஞ்ச இடத்தைக் காப்பாற்றியிருக்கிறார். வரைகிற அப்பாவும் அசையாமல் நிற்கிற மகளும், அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

நீயும் எனக்காக நின்றிருக்கிறாய். ஸ்கூல் யூனிஃபார்மில், இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பனோடு, அரை மணி நேரம், ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்காக. அந்தப் படம்தான் 2005 ஜூலை 26இல் போனது.

அன்றைக்கு சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நாம் அப்போது தரைத்தளத்தில் இருந்தோம். அப்பா வொர்க்ஷாப்பிலிருந்து தண்டவாளத்தோடு நடந்து இரவு வந்து சேர்ந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் மேல்மாடியில் பக்கத்து வீட்டு மாமி அறையில் இருந்தேன். தண்ணீர் வடிந்ததும் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். இருபது வருஷத்து வாட்டர்கலர் அதில் இருந்தது. வாட்டர்கலரில் நிறத்தைத் தாளோடு பிடித்து வைப்பது வேலமரத்துப் பிசின்தான். தண்ணீர் பட்டால் எத்தனை வருஷம் ஆனாலும் மறுபடி இளகிவிடும். எல்லாத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கலங்கல். உன் படத்தைப் பிரித்து எடுத்தேன். முகத்துக்குப் போட்டிருந்த மஞ்சட்காவி போய்விட்டது. பாவாடையின் அல்ட்ரமரின் போய்விட்டது. இரண்டு ரிப்பன் மட்டும் அப்படியே இருந்தது. அது அலிசரின் கிரிம்சன். தாளின் நாருக்குள் சாயம் மாதிரி இறங்கிவிடுகிற நிறம், கழுவினாலும் போகாது. வெறும் தாளில் இரண்டு சிவப்பு ரிப்பன். அதை இன்னும் வைத்திருக்கிறேன், வெயில் படாமல், ஏனென்றால் தண்ணீருக்குப் பயப்படாத அந்த நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நீ ஊருக்கு வரும்போது காட்டுகிறேன்.

அதே அறையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு சின்ன ஆயில் படமும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது, மீன்கார அக்காவின் கூடை, ஹார்ட்போர்டில் வரைந்தது. சேற்றை ஈரத்துணியால் துடைத்தேன். மீன் செதில்கூட மங்கவில்லை. கீழ் ஓரத்தில் போர்டு மட்டும் உப்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் நான் ஆயிலில் முழுசாக இறங்கினேன்.

ஆயில் பற்றி நீ கேட்டாய் அல்லவா, அதற்கு வருகிறேன். வாட்டர்கலர் தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. ஆயில் அப்படி இல்லை. அதில் நிறத்தைக் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகிப் படலமாகிறது. நம் சமையலறை அலமாரிமேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, கொஞ்ச நாளில் நகத்தால் சுரண்டினாலும் வராமல் கெட்டியாகிறதே, அதே கதைதான். தேங்காய் எண்ணெயில் குழைத்தால் வருஷக்கணக்கானாலும் காயாது. காய்கிற எண்ணெய் வேறு, காயாத எண்ணெய் வேறு.

இதில் ஒரே ஒரு விதியை மட்டும் மீறாதே. அடியில் போடுவது டர்பன்டைன் கலந்து மெலிசாக இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய்ச் சத்து கூட வேண்டும். எண்ணெய் அதிகம் உள்ளது மெதுவாகக் காயும், இழுபடும். மெலிசானது சீக்கிரம் காய்ந்து விறைக்கும். தலைகீழாகச் செய்தால் மேல்தோல் காய்ந்துபோய், அடியில் இருப்பது பிறகு அசையும்போது வெடிக்கும். மாட்டுங்கா பூக்கடைத் தெருவை நான் வரைந்தது உனக்குத் தெரியும். சம்பங்கி, மல்லிகைக் குவியல் எல்லாம் கெட்டியாக அப்பிவிட்டு, அவசரத்தில் அது காயும் முன்னே மேலே டர்பன்டைனில் நீர்த்த நிழலைப் பூசினேன். இரண்டே வருஷத்தில் வற்றின குளத்துச் சேறு மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அவ்வளவு ஆசையாக வரைந்தது. தப்பு என்னுடையது, காத்திருக்கத் தெரியவில்லை.

அடுத்ததை அவசரப்படாமல் செய்தேன். அப்பா ஹாலில் மாட்டியிருக்கிறாரே, அந்தப் படம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே காக்கிச் சட்டையில் ஜன்னல் பக்கம் உட்காருவார், மூன்று மாதம். முதல் நாள் வெள்ளை கேன்வாஸை பர்ன்ட் அம்பரில் டர்பன்டைன் விட்டுத் துடைத்துப் பழுப்பாக்கிவிட்டேன். வெள்ளைத் தரையில் எல்லாமே இருட்டாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும், பழுப்பு நடுவில் நிற்கும். அம்பர் சீக்கிரமும் காயும், அடித்தளத்துக்கு நல்லது. அப்புறம் முகம். கடையில் தோல் நிறம் என்று ஒரு டியூப் விற்கிறார்கள், இளஞ்சிவப்பாக இருக்கும். அது அப்பாவின் தோலும் இல்லை, உன் தோலும் இல்லை, என் தோலும் இல்லை. அதை வாங்காதே. நம் நிறத்துக்குக் கறுப்பையும் சேர்க்காதே, முகம் புகை படிந்த மாதிரி செத்துவிடும். மஞ்சட்காவி, பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் அலிசரின், நிழலுக்கு அல்ட்ரமரின். கறுத்த தோலில் நெற்றியிலும் கன்னத்திலும் விழுகிற ஜன்னல் வெளிச்சம் நீலமாக இருக்கும். அப்பாவுக்கு இடது கன்னத்தில் அந்த நீலத்தை வைத்த அன்றைக்குத்தான் அவர் படத்துக்குள் வந்து உட்கார்ந்தார். கும்பகோணம் பக்கத்து ஓவியர் எஸ். இளையராஜாவின் ஆயில் படங்களைத் தேடிப் பார். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற நம் பெண்கள், அவர்கள் தோள்மேல் விழுகிற வெளிச்சம். 2021 கொரோனாவில் போய்விட்டார், சின்ன வயது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆயிலில் இறங்குவதாக இருந்தால் இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதே. அது இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டி வைத்த துணியில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடி உள்ள தகர டப்பாவில் போடு. டர்பன்டைனைத் திறந்தால் ஜன்னலையும் திற. குளிர்காலத்தில் அங்கே ஜன்னல் திறக்க முடியாது என்றாய். அப்படியானால் குளிர்காலத்துக்கு வாட்டர்கலர், வெயில் வந்ததும் ஆயில். இதில் நீ பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

போன மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பின பனிமலைப் படம் பார்த்தேன். நெட்டில் ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்தது என்று தெரிந்தது, மலையில் எங்கேயும் உன் கண் படவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது. கோடு திடமாக வருகிறது. வானத்தில் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கிழிந்த திட்டு வந்திருக்கிறதே, அது ஏன் வந்தது தெரியுமா? தாள் பாதி காய்ந்திருக்கும்போது ஈரப் பிரஷ்ஷை வைத்திருக்கிறாய். புதுத் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. தாளைச் சாய்த்துப் பார்த்தால் முதலில் மினுமினுவென்று இருக்கும், அப்போது தொடலாம். முழுக்கக் காய்ந்து, புறங்கையை வைத்தால் ஜில்லென்று இல்லாமல் இருக்கும்போதும் தொடலாம். மினுக்கம் போய், ஜில்லிப்பு போகாமல் இருக்கிற அந்த இடைவேளையில் எழுந்து போய் டீ போடு. கீழே மரங்கள் சேறாகிப் போனது நாலைந்து நிறத்தைக் கலந்து, திருப்பித் திருப்பித் தேய்த்ததால். ஒரு கலவையில் இரண்டு நிறம், அவசியமானால் மூன்றாவது. போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் ஒரு படி வெளுக்கும், அதனால் முதலிலேயே கொஞ்சம் தைரியமாகப் போடு. தாள் மட்டும் நல்லதாக வாங்கு, 300 ஜிஎஸ்எம் கனம், பஞ்சுத் தாள். மலிவுப் பெயிண்ட்டில் நல்ல படம் வரும், மலிவுத் தாளில் வராது. பிரஷ் நைலானே போதும். ஒரு காலத்தில் எங்களுக்குக் கீரிப்பிள்ளை முடியில் செய்த பிரஷ்தான் உசத்தி. அதற்காக எத்தனை கீரியைக் கொன்றார்கள் என்று பின்னால் தெரிந்தபோது என்னிடம் இருந்தவற்றைத் தொடவே மனம் வரவில்லை. இப்போது சட்டப்படியும் தடை.

ஒன்று சொல்கிறேன், செய். உன் கிளாஸ்கோவிலேயே பல்கலைக்கழகத்தின் ஹண்டேரியன் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1735இல் வரைந்த ஆயில் படம் ஒன்று உண்டு, ஒரு பெண் தேநீர் குடிக்க உட்கார்ந்திருப்பது. நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு சிவப்பு மேஜை, ஒரு பழுப்புக் கெட்டில், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. கோப்பையிலிருந்து ஆவி எழும்புகிறது. பின்னால் வெறும் சுவர், அதுவும் உன் சாம்பல்தான். ராஜா ராணி யாரும் இல்லை. பாத்திரம் துலக்குகிற பெண்ணையும் அவர் வரைந்திருக்கிறார், அதுவும் அங்கேயே இருக்கிறது. சனிக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அந்தச் சுவருக்கு முன்னால் போய், கண்ணை இடுக்கிக்கொண்டு நில். சாம்பலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல். அந்த ஆவியை எப்படிப் போட்டிருக்கிறார் என்றும் பக்கத்தில் போய்ப் பார்த்துச் சொல், அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரிய வேண்டும்.

நம் கட்டடத்து நாலாவது மாடிப் பையன் அடுத்த வாரம் லண்டன் வருகிறான், அங்கிருந்து உனக்குப் பார்சல் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறான். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அப்பா வாங்கின நேந்திரங்காய் சிப்ஸ். இரண்டு டியூப் அல்ட்ரமரின், ஒரு டியூப் பர்ன்ட் சியன்னா. ஆச்சியின் பித்தளைச் செம்பையும் பழைய சேலைத்துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். அதன் கழுத்தடியில் களிம்பு பச்சையாக ஏறியிருக்கிறது, வயிற்றில் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது, அடிப்பக்கம் கருத்து, விளிம்பில் மட்டும் கைபட்டுக் கைபட்டு மஞ்சள் மின்னுகிறது. உன் சமையலறை ஜன்னலில், அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் வை. ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும், போகும்போதும் வரும்போதும் பார். அப்புறம் வரை.

பார்சல் வந்ததும் சுத்தமாக இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதே. வரைந்து முடித்த பிறகு தேய்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா